குருதியின் வண்டல்

ஆடி மாதப் புதுவெள்ளத்தில் காவிரி செம்மண் கரைத்த நிறத்தில் ஓடும். அந்த நீரை முகந்துவரப் போகும் முன்பே, திருவானைக்காவல் வீட்டுப் பின்கட்டில் என் பாட்டி வேலையைத் தொடங்கிவிடுவார். மாடப்பிறையிலிருந்து ஒரு தேற்றாங்கொட்டையை எடுத்து, வெறும் மண்குடத்தின் உட்புறத்தில் நாலைந்து சுற்று உரைப்பார். பிறகு ஆற்றுநீரை ஊற்றி, "யாரும் குடத்த அசைக்கப்படாது" என்று ஆணையிட்டுவிட்டு அகல்வார். சமையல் முடிவதற்குள் கலங்கல் அடியில் அமர்ந்து, மேல்நீர் பளிங்காய் நிற்கும். கொட்டை என்னதான் செய்கிறது என்று ஒருமுறை கேட்டேன். "மண்ண ஒண்ணோட ஒண்ணு கைகோக்க வைக்குதுடா. சேந்தா கனம், கனத்தா கீழ" என்றார். கொட்டையிலிருந்து கசியும் நீண்ட மூலக்கூறுகள் களித்துகள்களைப் பிணைத்துத் திரளாக்குகின்றன. தனித்துகள் மிதக்கும், திரள் அமிழும். பாட்டியின் விளக்கத்தோடு வேதியியல் பிணங்குவதில்லை.

அக்குடத்தை நான் மீண்டும் கண்டது ஒரு குருதிச் சோதனை நிலையத்தில். மரத்தாங்கியில் மெல்லிய கண்ணாடிக் குழல்கள் செங்குத்தாக நின்றன. உறையாமலிருக்கச் சிட்ரேட்டுக் கரைசல் கலந்த குருதியை அவற்றில் 200 மில்லிமீட்டர் உயரத்திற்கு ஏற்றி, ஒரு மணி நேரம் அசையாமல் விட்டுவிடுகிறார்கள். செவ்வணுக்கள் மெல்லக் கீழிறங்க, மேலே வைக்கோல் நிறத்தில் ஊனீர் தெளிகிறது. தெளிந்த பகுதியின் உயரத்தைத்தான் மருத்துவச் சீட்டில் ஈ.எஸ்.ஆர். என்று எழுதுகிறார்கள். பக்கத்துக் குழல்கள் பத்து, பதினைந்து என்று நிற்க, ஒரு குழலில் மட்டும் செம்மை பாதாளத்தை நோக்கிப் பாய்ந்திருந்தது. 68 மில்லிமீட்டர். அது எங்கள் தெரு அக்காவின் குருதி.

இச்சோதனை நூற்றாண்டு கடந்தது. போலந்து மருத்துவர் எட்மண்ட் பியர்னாட்ஸ்கி 1897-ல் இதைக் கவனித்து எழுதினார். சுவீடனின் ராபின் ஃபோரேயஸ் 1918-லும், ஆல்ஃப் வெஸ்டர்கிரன் 1921-லும் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தனர். செவ்வணுவின் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. ஆகவே அணுக்கள் ஒன்றையொன்று தள்ளி விலகியே நிற்கும். உடலில் அழற்சி எழுந்தால் கல்லீரல் ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரந்து குருதியில் கலக்கிறது. விலகி நின்ற செவ்வணுக்கள் அப்போது காசுகளை அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்கின்றன. சேர்ந்தால் கனம், கனத்தால் கீழ். குருதிக்குள் தேற்றாங்கொட்டையின் வேலையைப் பார்ப்பது ஃபைப்ரினோஜன். குருதிச்சோகை இருந்தாலும், வயது ஏறினாலும் இந்த அளவு உயரும் என்பதால், இதை மட்டும் வைத்து எந்த நோயையும் அறுதியிட முடியாது. நம் பெண்களில் சோகை எவ்வளவு பரவலானது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும், எங்கோ தீ மூண்டிருக்கிறது என்ற சேதியை இவ்வளவு மலிவாகச் சொல்லும் கருவி வேறில்லை.

அக்காவுக்கு முடக்குவாதம் வந்து பதினொரு ஆண்டுகள். இப்போது அகவை நாற்பத்தாறு. "கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் சேந்து மாவப் புடிக்க மாட்டேங்குது தம்பி. எட்டு மணிக்கு மேல சரியாயிடும். கோலம் எட்டு மணிக்கா போடறது?" என்று ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டார். முடக்குவாதத்தின் கையெழுத்தே இந்த விடியற்காலை விறைப்புத்தான். இரவு கழியும் நேரத்தில் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சித் தூதுகள் குருதியில் ஏறி, விடியலில் உச்சம் தொடுகின்றன. மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இறுகிக் கிடக்கின்றன. மாரடைப்பும் நாளின் மற்றப் பொழுதுகளைவிடக் காலையிலேயே மிகுதி. அதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. இரண்டையும் முடிச்சுப் போட நான் முந்தவில்லை. ஆனால் மூட்டின் அழற்சி நெஞ்சையும் எட்டக்கூடியதாயிருந்தும், அக்காவின் மூட்டைப் பார்த்த மருத்துவர்கள் பதினொரு ஆண்டுகளில் ஒருமுறையும் அவர் நெஞ்சைப் பற்றிப் பேசவில்லை என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

இதற்குச் சொற்குழப்பமும் ஒரு காரணமாகலாம். தமிழ் முழக்கிய கி.ஆ.பெ. விசுவநாதத்தின் பெயரைத் தாங்கிய அரசு மருத்துவக் கல்லூரி 1997 முதல் இயங்கும் இதே திருச்சியில், 'வாதம்' என்ற ஒற்றைச் சொல் எத்தனை நோய்களைச் சுமக்கிறது! பக்கவாதம் மூளையின் குருதிக்குழலைப் பற்றியது. வாதக்காய்ச்சல், தொண்டைப்புண் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கசுக்குப் பின் சிறுவருக்கு வந்து இதய வால்வுகளைச் சிதைப்பது. வயதானவர் முழங்கால் தேய்வு வேறு. முடக்குவாதமோ, உடலின் காப்புப்படையே தன் மூட்டுகளின் உறையைப் பகையென்று தாக்கும் நோய். ஆண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருவது. 'வாதம் இதயத்தைத் தாக்கும்' என்று பெரியவர்கள் சொன்னது வால்வைக் கெடுக்கும் அந்தக் காய்ச்சலை. இங்கே நாம் பேசுவது தமனியை. சித்த மருத்துவ நூலோர் முடக்குவாதத்தை ஒத்த நோய்க்கு 'உதிரவாத சுரோணிதம்' என்று பெயரிட்டனர். உதிரமும் குருதி, சுரோணிதமும் குருதி. மூட்டு நோயின் பெயருக்குள் குருதியை இருமுறை வைத்தவர்கள் இன்றைய நுண்ணறிவியலை அன்றே கண்டார்கள் என்று மார்தட்ட மாட்டேன். ஆனால் மூட்டை மட்டும் பார்க்கும் பார்வையைவிட அது அகன்ற பார்வை.

தமனியின் உட்சுவரில் ஓர் உயிரணுவின் தடிப்பே உள்ள படலம் ஒன்று உண்டு. குருதி தொட்டுச் செல்லும் அந்த வழவழப்பான தரை, வெறும் தரையில்லை. நைட்ரிக் ஆக்சைடு என்ற வளியைச் சுரந்து குழலைத் தளர்த்தி விரிப்பதும், குருதி உறையாமல் காப்பதும், வெள்ளணுக்களை ஒட்டவிடாமல் அனுப்பிவைப்பதும் அதன் வேலை. நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது. மூட்டிலே சுரக்கும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 ஆகிய அழற்சித் தூதுகள் மூட்டோடு நிற்பதில்லை. குருதியில் ஏறி ஊர்வலம் வருகின்றன. அவை படும் இடமெல்லாம் படலம் குணம் மாறுகிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. வழவழப்பு போய், வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்தும் கொக்கிகள் முளைக்கின்றன. சுவருக்குள் நுழைந்த வெள்ளணுக்கள் அங்கே கசிந்திருக்கும் கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைபோல் உப்புகின்றன. வீட்டுக் குழாயில் உப்புப் படிவதுபோல் கொழுப்பு படிகிறது என்று நாம் படித்த பழம்பாடம் பாதி உண்மைதான். தமனித் தடிப்பு ஓர் அழற்சி நோய் என்று 1999-ல் அமெரிக்க ஆய்வர் ரசல் ராஸ் திட்டவட்டமாக எழுதினார். 19-ஆம் நூற்றாண்டிலேயே ருடால்ஃப் விர்க்கோவ் அப்படிக் கருதியவர். அழற்சி மிகுந்த திட்டின் மூடி மெலிந்து ஒருநாள் கிழிகிறது. கிழிந்த வாயில் குருதி உறைகிறது. உறைகட்டி வழியை அடைக்கிறது. பெரிய அடைப்பைவிட, சிறியதாயினும் கொதித்துக்கொண்டிருக்கும் திட்டு ஆபத்தானதாய் இருப்பது இதனால்தான்.

அத்திட்டை அளக்கவும் எங்கள் ஊர் ஒரு வழி தந்திருக்கிறது. 1888 நவம்பர் 7 அன்று இதே திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதன் நிறத்தில் நுண்ணிய மாற்றம் ஏற்படுவதை 1928-ல் காட்டினார். அம்மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வகை. 1990-களில் ஆய்வாளர்கள் அதே விளைவைக் கொண்டு இதயத் தமனிச் சுவரில் கொலஸ்டிரால் எவ்வளவு, சுண்ணம் எவ்வளவு என்று அளந்தனர். மூட்டுநீரில் மிதக்கும் யூரேட்டுப் படிகங்களை அடையாளம் காணவும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஊர்ப்பெருமை பேசும் கூட்டங்களில் கடலின் நீலத்தை அவர் விளக்கியதோடு நிறுத்திக்கொள்கிறோம். இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இனி எண்கள். முடக்குவாதம் உடையோருக்கு மாரடைப்பும் மூளைத்தாக்கும் வரும் வாய்ப்பு, அதே வயதினரான பிறரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பது பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில் கிடைத்த கணக்கு. செம்முருடு எனப்படும் லூபஸ் நோயில் நிலைமை இன்னும் கடுமை. 1997-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து வெளிவந்த ஆய்வில், 35 முதல் 44 வயதுவரையுள்ள செம்முருட்டுப் பெண்களுக்கு மாரடைப்பு, ஒத்த வயதுப் பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் காணப்பட்டது. அந்த வயதில் மாரடைப்பு மிக அரிது என்பதாலேயே மடங்கு இப்படி எகிறுகிறது. அப்படியே வைத்துக்கொண்டாலும், மாதவிலக்கு நிற்கும்வரை பெண்ணுக்கு நெஞ்சுக்கவலை இல்லை என்ற நம் நம்பிக்கை இங்கே உடைகிறது. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கழகம், வழக்கமான இடர்க்கணக்கில் வரும் விடையை முடக்குவாதத்துக்கு 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறது. பெருக்கற்குறி ஒன்றைப் போடுவதற்கு மருத்துவ உலகுக்கு 2009-ஆம் ஆண்டுவரை ஆயிற்று.

திருவானைக்காவல் நெய்த்தோசைக்குப் பெயர் போனது. ஆகவே அடுத்த சேதியைச் சற்று அச்சத்தோடுதான் எழுதுகிறேன். அழற்சி கொழுந்துவிட்டெரியும் முடக்குவாதத்தில் குருதியின் கொலஸ்டிரால் குறைகிறது! கெட்டதும் குறைகிறது, நல்லதும் குறைகிறது. சோதனைச் சீட்டைப் பார்த்த நோயாளி மகிழ்ந்து போகிறார்; மாரடைப்பு வாய்ப்போ உயர்ந்தபடியே இருக்கிறது. மருந்து வேலை செய்து மூட்டு தணிந்ததும் கொலஸ்டிரால் ஏறுகிறது. மருந்துதான் கொழுப்பைக் கூட்டிவிட்டது என்று பயந்து நிறுத்துவோரும் உண்டு. மூடியிருந்த கணக்கு திறந்துகொண்டது, அவ்வளவே. எனவே கொழுப்புச் சோதனையை நோய் தணிந்திருக்கும் காலத்தில் எடுத்துப் பார்ப்பதே நேர்மையான அளவு. நெய்த்தோசைக்கு இதில் விடுதலைச் சீட்டு ஏதும் இல்லை.

இன்னொரு மறைவும் இருக்கிறது. மலைக்கோட்டை 83 மீட்டர் உயரப் பாறை. இதயத் தமனி சுருங்கிய ஒருவர் உச்சிப்பிள்ளையாரைக் காணப் படியேறினால், பாதியில் நெஞ்சு இறுகும். வீட்டார் மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள். மூட்டு வீங்கியவர் படியேறவே மாட்டார். திருவானைக்காவல் கோவிலின் ஐந்து சுற்றில் உட்சுற்று ஒன்றைக்கூடச் சுற்றாதவரின் நெஞ்சு, உழைத்துக் காட்டி முறையிட வாய்ப்பே இல்லை. அப்படியே தோளிலோ தாடையிலோ வலி வந்தாலும், 'எனக்கு இது வழக்கந்தானே' என்று ஒரு தைலத்தைத் தடவிக்கொள்வார். முடக்குவாதம் உடையோருக்கு மாரடைப்பு வந்ததே தெரியாமல் போவதும், முன்னறிவிப்பின்றித் திடீரெனச் சாவு நேர்வதும் பிறரைவிட மிகுதி என்று ஆய்வுகள் காட்டியதன் பொருள் இதில் ஓரளவு அடங்கியிருக்கிறது.

திருச்சிக்கு உலகப் புகழ் தேடித்தந்த பொருள்களில் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். உறையூரில் உருட்டிய சுருட்டுகள் ஆங்கிலேயர் காலத்தில் கடல்கடந்து போயின. 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலை வைத்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்கிறார். சாம்பலை இனங்கண்ட அவர் நுரையீரலைப் பார்க்கவில்லை. புகை நுரையீரலில் சில புரதங்களின் உருவைச் சற்றே திருத்திவிடுகிறது. திருத்தப்பட்ட புரதத்தைக் காப்புப்படை அயலானென்று கருதி எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. குறிப்பிட்ட மரபணு அமைப்பு உடையோரிடம் இதுவே மூட்டுகள் வீங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கும் முடக்குவாதத்தின் முதற்படி. அதே புகை தமனியின் உட்படலத்தையும் சுடுகிறது. மூட்டுக்கும் நெஞ்சுக்கும் ஒருசேரக் கேடு செய்யும் பொருள்களில் மனிதன் தானே விரும்பி வாயில் வைப்பது இது. அக்கா புகைத்ததில்லை, அவர் கணவர் முப்பது ஆண்டுகள் திண்ணையில் உட்கார்ந்து புகைத்தவர்.

மருந்துகளிலும் நெஞ்சுக்கு நட்பும் பகையும் கலந்தே இருக்கின்றன. மருந்துக்கடையில் சீட்டின்றிக் கேட்டு வாங்கும் வலிமாத்திரை முதல் பகை. ரோஃபெகாக்சிப் என்ற வலிமாத்திரை மாரடைப்பைக் கூட்டுவது தெரிந்து 2004 செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நம் கடைகளில் நாள்தோறும் விற்கும் டைக்ளோஃபெனாக்கும் நெஞ்சைப் பொறுத்தமட்டில் அந்த வகைக்கு நெருங்கியதே. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக்கு, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளைப் பெருமளவில் அழித்ததை நாடறியும். மனிதனுக்குப் போட்டதைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. ஸ்டீராய்டு அடுத்தது. படுத்தவரை எழுப்பி நடக்கவைக்கும் அந்த மருந்து, நாட்பட்டால் குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றிவிடும். பெயரில்லாப் பொட்டலத்தில் 'மூலிகைச் சூரணம்' என்று விற்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. மூன்றே நாளில் மூட்டு வலி பறந்தது என்றால் கைகூப்பும் முன் ஐயப்பட வேண்டும்.

நட்புப் பக்கம் முதலில் நிற்பது மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு 1940-களில் குருதிப் புற்றுக்காக உருவாக்கிய மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. முடக்குவாதத்துக்கு அதை மிகச் சிறு அளவில் வாரத்துக்கு ஒரே ஒருநாள் கொடுக்கிறார்கள். நாள்தோறும் என்று தவறாக விழுங்கினால் உயிருக்கே உலை. அக்கா வியாழக்கிழமைக்கு நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொண்ட முடக்குவாதக்காரரிடையே இதயச் சாவு வெகுவாகக் குறைந்திருப்பதை 2002-ல் ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் மூட்டு நோயே இல்லாத இதயநோயாளிக்கும் இதைக் கொடுத்தால் என்ன? 4,786 பேரிடம் முறையாகச் செய்து பார்த்தார்கள்; பயன் தெரியவில்லை. மாறாக, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற ஒற்றைத் தூதை மட்டும் மறிக்கும் கனாகினுமாப் மருந்தை, மாரடைப்பு வந்துபோன 10,061 பேரிடம் சோதித்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், கொலஸ்டிரால் இம்மியும் குறையாமலேயே மீண்டும் தாக்கும் வாய்ப்பு 15 விழுக்காடு குறைந்தது. கூடவே தொற்றால் நேர்ந்த சாவு சற்றுக் கூடியது. அழற்சி தமனியைக் கெடுக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று அன்று கிடைத்தது. எரிவதே வேறு அடுப்பாயிருந்தால் ஒரு தண்ணீர் எல்லாத் தீயையும் அணைக்காது என்பதும் தெரிந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நான் படிக்கும் பாடம்: முடக்குவாதக்காரரின் நெஞ்சைக் காக்க முதல் வழி, அவர் மூட்டின் தீயை முழுதாக அணைப்பதே. டி.என்.எஃப். தடுப்பு மருந்தைப் போட்டுக்கொண்டவர்களில், மூட்டு உண்மையில் தணிந்தவர்களுக்கே மாரடைப்பு குறைந்ததாகப் பிரித்தானியப் பதிவேடு 2007-ல் சொன்னதும் இதற்கு இசைகிறது.

செங்காந்தளின் கதை வேறு வகை. தமிழ்நாட்டின் மாநில மலர். உழவர் நாவில் கண்வலிக்கிழங்கு. மூலனூர்ப் பக்கத்திலும் வேதாரணியத்திலும் செயங்கொண்டத்திலும் கம்பிப் பந்தலில் படர்ந்து கிடக்கும் அக்கொடியின் விதைகள் ஏற்றுமதியாவது, அவற்றிலுள்ள கொல்ச்சிசின் என்ற சரக்குக்காக. கால் பெருவிரலில் தீ வைத்தாற்போல் வலிக்கும் யூரேட்டுக் கீல்வாதத்துக்கு அது பழைய மருந்து. வெள்ளணுக்களின் உட்சட்டத்தைத் தளர்த்தி அவற்றை நடக்கவிடாமல் செய்கிறது. 2019, 2020-ஆம் ஆண்டுகளில் வந்த இரு பெரும் ஆய்வுகளில், நாளுக்கு அரை மில்லிகிராம் கொல்ச்சிசின் இதயநோயாளிகளின் தாக்குதல்களைக் குறைத்தது. 2023-ல் அமெரிக்க அரசு இதற்காகவே அதற்கு ஒப்புதல் தந்தது. 2024-ல் வந்த மற்றொரு பெரிய ஆய்வோ, மாரடைப்பை ஒட்டிக் கொடுத்ததில் பயன் காணவில்லை என்றது. வழக்கு முடியவில்லை. ஒன்றை மட்டும் ஐயமின்றிச் சொல்லலாம்: கிழங்கைத் தின்றால் சாவு. கிராமத்தார் அனைவரும் அறிந்த நஞ்சு அது. மாத்திரையிலும் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறுகியதுதான்.

2021 முதல் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் பணியாளர்கள் வீடு வீடாக வந்து குருதி அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம், நெஞ்சுவலி என்று வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பதினான்கு மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறது. நல்ல ஏற்பாடுகள். வாசலுக்கு வரும் அந்தப் பணியாளர், "காலைல எழுந்தா கைவிரல் எவ்வளவு நேரம் விறைச்சிருக்கும்மா?" என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டுக் குறித்துக்கொண்டால், கூடுதல் செலவு ஏதுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று விடை வந்தால் அவ்வீட்டில் அழுத்தமானியை இருமுறை கட்டிப் பார்க்கலாம்.

அக்காவிடம் ஒரு பச்சைக் கோப்பு உண்டு. பதினொரு ஆண்டு ஈ.எஸ்.ஆர். சீட்டுகளும் தேதி வாரியாக அதில் இருக்கின்றன. கொழுப்புச் சோதனைச் சீட்டு ஒன்றுகூட இல்லை. சென்ற தையில் வீக்கம் வடிந்து, குழலில் செம்மை 22 மில்லிமீட்டர் மட்டுமே இறங்கிய மாதத்தில், முதன்முறையாக அதையும் எடுத்தார்கள். மருத்துவர் சீட்டைப் புரட்டிவிட்டு, கணக்கிட்டு வந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கினார். "எதுக்கு சார் பெருக்கறீங்க?" என்று அக்கா கேட்டாராம். அழுத்தம் பார்த்துக் கோப்பின் முதல் பக்கத்து ஓரத்தில் மருத்துவரே பென்சிலால் எழுதிய 146/88 இன்னும் அழியாமல் இருக்கிறது. பக்கத்தில், அடுத்து வரவேண்டிய நாள். அதுவும் வியாழக்கிழமைதான்.